கேப்டனின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தது குறித்து

பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் கண்டபடி. வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே இரு கண்களிலும் பார்வை இல்லை. திருமணம் ஆகவில்லை. சாலையில் நடந்த அடிதடி பற்றி என் அண்ணன் கொடுத்த புகாரில் நான் பாதிக்கப்பட்டவள் என்று குறிப்பிடப்பட்டிருப்பதால் விசாரணைக்கு வந்துள்ளேன். பெண் உதவி ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, யாருடைய தூண்டுதலும் இன்றி நான் கூறுவதாவது:

நான் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறேன். முகம் தெரியாதவர்கள் திட்டுவதை நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்பதுதான் வேலை. எனக்கு எல்லாருமே முகம் தெரியாதவர்கள் என்பதால் அதில் பெரிய சிரமம் இல்லை. பெற்றோர் காலமான பிறகு அண்ணன், அண்ணியுடன் வசித்து வருகிறேன். அண்ணன் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் நானும் உறுப்பினர். அது பந்தயம் இல்லை. காலையில் கிளம்பி ஏரிக்கரை வரை போய்த் திரும்பினால் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள். அந்த வாழைப்பழத்துக்கும் ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்று தனித்தனி வரிசை உண்டு.

நான் ஓட்டுவது இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள். என் சம்பளத்தில் வாங்கியது. முன்னால் இருப்பவரைக் கேப்டன் என்போம். பிரேக், கியர், ஹேண்டில்பார் எல்லாம் அவர் வசம். பின்னால் இருப்பவர் மிதிப்பதோடு சரி. பின்னால் என் கைகள் பிடித்திருக்கும் கம்பி, முன் சீட்டைத் தாங்கும் தண்டில் இறுக்கப்பட்டிருக்கும், திரும்பாது. கேப்டன் தும்மினாலும் என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பார்வையற்ற பெண்ணுக்குப் பெண்தான் கேப்டனாக இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. என்னை மனதில் வைத்து அண்ணன் போட்ட விதி. அப்போது எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் இந்தக் கேப்டன் குழுவில் சேர்ந்தார். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவர். என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். பக்கத்தில் வந்தாலே பசை வாசனை வரும். முதல் நாளே, சைக்கிளில் ஏறும் முன், என்னைத் தனியாக அழைத்து, "நான் திருநங்கைங்க. உங்களுக்கு யோசனையா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். குழி வந்தால் முன்கூட்டியே சொல்வீர்களா என்று கேட்டேன். சொல்வேன் என்றார். அப்படியென்றால் ஏறுங்கள் என்றேன். ஆகவே அவர் தான் யார் என்பதை மறைத்து என்னை ஏமாற்றினார் என்று புகாரில் எழுதியிருப்பது பொய். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் என் கேப்டன். குழி, மேடு, குறுக்கே வரும் நாய், யார் வீட்டு மாடியில் என்ன நிறத் துணி காய்கிறது என்பது வரை சொல்லிக்கொண்டே ஓட்டுவார். நான் சந்தோஷமாக இருந்தேன். வழக்குக்கு இது தேவையா என்று எழுத்தர் கேட்டார். தேவை என்றேன்.

போன மாதம் குழுவில் ஒருவர் பில் புத்தகம் அடிக்க அந்த அச்சகத்துக்குப் போனபோது, கேப்டனைப் பற்றி அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு குழுவின் வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்பியது. வருகிற செய்திகளை என் போன் படித்துக் காட்டும். எல்லா வசவையும் ஒரே குரலில் படித்துக் காட்டியது. பெண்களில் சிலர், இத்தனை நாள் நம்மோடுதானே ஓட்டினார், இருக்கட்டுமே என்றார்கள். சிலர் கூடவே கூடாது என்றார்கள். ஆண்களும் எங்கள் வரிசையில் வேண்டாம் என்றார்கள். கடைசியில், 'இதர' என்று ஒரு பிரிவு வைத்து, எல்லாரும் கிளம்பிய பின் அவர் தனியாகக் கிளம்பலாம் என்று அண்ணன் முடிவு சொன்னார். நான் இதைச் சொன்னதும் கேப்டன் சிரித்தார். "நல்லதுதான். ஃபர்ஸ்ட் வர்றதும் நானே, லாஸ்ட் வர்றதும் நானே" என்றார்.

அன்று சாப்பிடும்போது அண்ணன், "அவன் ஒன்ன ஏமாத்தியிருக்கான் பாப்பா" என்றார். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று சொன்னேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது. "அப்ப ரெண்டு பேருமா சேந்து என்னக் கேணயனாக்கியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். எனக்குத் தெரியும் என்பது அண்ணனுக்குத் தெரியும். இதைத் தெளிவாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பவம் நடந்த ஞாயிறு நானும் கேப்டனும் குழுவோடு சேராமல் தனியாகக் கிளம்பினோம். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ரோடு என்ன அண்ணன் வீட்டுச் சொத்தா என்று வீம்பு பேசி அழைத்தவள் நான். மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது பின்னால் பல சைக்கிள்கள் வருவது கேட்டது. மிதிப்பதை நிறுத்தியதும் சக்கரத்தில் எழும் கிர்ரென்ற சத்தம் வண்டிக்கு வண்டி மாறும். அண்ணன் வண்டியின் சத்தம் எனக்கு வீட்டு வாசலில் பழகியது. அதன் பிறகு அவர் குரலும் வந்தது. "ஓரங்கட்டு" என்றார். கேப்டன் என்னிடம், "நிக்கப் போறோம். நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க" என்று சொல்லி நிறுத்தினார். எப்போதும் அப்படித்தான். நின்றதும் கேப்டன் இரு கால்களையும் அகட்டி ஊன்றி, இரு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி வைப்பார். நான் ஷூவைப் பெடலின் கொக்கியில் மாட்டியபடி சீட்டிலேயே இருப்பேன். அவர் கையை எடுத்தால் வண்டி சாயும், சாய்ந்தால் உடனே எனக்குத் தெரியும்.

அண்ணன், "எறங்குடா" என்றார். கேப்டன், "சார், தங்கச்சி மேல உக்காந்திருக்காங்க. அவங்கள எறக்கிட்டு வர்றேன்" என்றார். அதன் பிறகு அடி விழுந்தது. மறுபடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் கம்பி அதிர்ந்து என் உள்ளங்கையில் ஏறியது. ஆனால் வண்டி சாயவில்லை. நான் அண்ணா, அண்ணா என்று கத்தினேன். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "பாப்பா விழுந்துரப் போகுது சார்" என்றார். சொன்னவர் வந்து வண்டியைப் பிடிக்கவில்லை. நான் இறங்கப் பார்த்தேன். இடது ஷூ பெடலில் சிக்கிக்கொண்டு, பதறப் பதறக் கழல மறுத்தது. கேப்டனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "மெதுவா. குதிகால வெளிய திருப்புங்க" என்றார். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. அடி நிற்கவில்லை. குதிகாலைத் திருப்பினேன், கழன்றது. கால் ஊன்றிவிட்டீர்களா என்று கேட்டார். ஊன்றிவிட்டேன் என்றேன். அதன் பிறகுதான் கம்பி என் கையிலிருந்து நழுவியது. வண்டி விழுந்தது, அவரும் விழுந்தார்.

அதன் பிறகு அண்ணன் வந்து என் தோளில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது. "அவன்தான் மொதல்ல கை ஓங்கினான். நீ கேட்டல்ல?" என்றார். நான் பயந்துபோயிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கேப்டன் முதலில் அடித்தார், என்னைக் கீழே தள்ளினார் என்று புகாரில் உள்ளது. கண் தெரியாத உன்னால் அதை எப்படி மறுக்க முடியும் என்று கேட்டதற்கு நான் சொல்வது: அவருடைய இரண்டு கைகளும் கடைசி வரை ஹேண்டில்பாரில்தான் இருந்தன. ஒரு கையை உயர்த்தித் தன் முகத்தை மறைத்திருந்தால்கூட நான் வண்டியோடு விழுந்திருப்பேன். நான் விழவில்லை. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பெண் உதவி ஆய்வாளர் இதே அறையில் கதவைச் சாத்திவிட்டு என்னைச் சோதித்து, இல்லை என்றார்.

கேப்டனுக்குத் தாடை உடைந்து, வாயைத் திறக்க முடியாதபடி கம்பி போட்டுக் கட்டியிருப்பதாக அச்சக முதலாளி போனில் சொன்னார். ஆண்கள் வார்டில் படுக்க மாட்டேன் என்று அவர் கையசைத்திருக்கிறார். பெண்கள் வார்டில் கூடாது என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கட்டிலை லிஃப்டுக்குப் பக்கத்தில் நடைவழியில் போட்டிருக்கிறார்கள். கட்டிலோரம் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறாராம். கம்பியைப் பிரித்ததும் கைது செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. கூட நின்றவர்கள் எல்லாரும் அண்ணனின் குழு. மிச்சம் இருப்பது நான் ஒருத்தி.

இன்று என்னை இங்கே அழைத்து வந்தது அண்ணன்தான். தன் பக்கம் பேசுவேன் என்று நம்பி அழைத்து வந்தார். வெளியே பெஞ்சில் இருக்கிறார். எழுதியதை என்னால் படிக்க முடியாது என்பதால், கையெழுத்துக்கு முன் எழுத்தர் படித்துக் காட்டத் தொடங்கினார். கதவு சாத்தியிருந்தது, தணிந்த குரலில் படித்தார். கதவைத் திறந்துவிட்டு, சத்தமாக, முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். அவ்வாறே படித்தார். பாதியில் வெளியிலிருந்து அண்ணன் "பாப்பா" என்று கூப்பிட்டார். எழுத்தர் நிறுத்தினார். மேலே படியுங்கள் என்றேன்.

முழுவதும் காதால் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதில் அண்ணன் என்று வரும் இடமெல்லாம் என்னுடன் பிறந்த ஒரே அண்ணனைக் குறிக்கும்.

(கையொப்பம்)