கெட்டி எண்ணெயும் குமுதா ஆன்டியும்

— சும்மா உட்கார்றதுக்கா பிரவின், உனக்கு ஆயில் கம்பெனியில சம்பளம்?

— சும்மா இல்ல குமுதா ஆன்டி. வெனிசுவேலாவுல கிணறு. அடியில கிடக்கிற எண்ணெய் தார் மாதிரி கெட்டி. அதை எப்படி எடுக்கிறதுன்னு இங்க பங்சார் ஆபீஸ்ல நாங்க பிளான் போடறோம்.

— கெட்டின்னா சூடு பண்ண வேண்டியதுதானே? ஏர்கான் ரூம்ல தேங்காயெண்ணெய் உறைஞ்சா நான் வெயில்ல வைக்கிறதில்லையா?

— ஆவி விட்டு சூடு பண்றவங்களும் இருக்காங்க. நாங்க பண்றதில்ல. எண்ணெய்க்குள்ளயே கேஸ் கரைஞ்சிருக்கு. கிணத்தைத் திறந்து அழுத்தத்தைக் குறைச்சா, அது நுரைச்சு எண்ணெயையும் தள்ளிக்கிட்டு வரும், சோடா மாதிரி. மேல ஏத்த மட்டும்தான் பம்பு.

— ஆக, வேலை செய்யறது எண்ணெய். நீ வேடிக்கை பார்க்கிறே.

— அப்படியும் சொல்லலாம் லா.

— எங்க ஷாமினி சொன்னது சரிதான். "எதிர்வீட்டு பிரவினுக்கு ஆபீஸ்ல வேலையே இல்லம்மா, எல்லாம் தானா வருதாம்"னா. அது கிடக்கட்டும், முழுசா வந்துடுமா?

— நூத்துக்குப் பத்து வந்தாலே பெருசு. மிச்சம் அடியிலயே நின்னுடும்.

— அடப்பாவமே! எனக்கெல்லாம் கேட்ட சேதி வயித்துல பத்துகூட நிக்காது.

— அம்மா ரெண்டு நாளா அழுதுக்கிட்டே இருக்காங்க ஆன்டி. கிள்ளான்ல எனக்குப் பார்த்த பொண்ணு மலர்விழி வீட்ல ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. பரிசத்துக்கு நாள் குறிச்ச பிறகு. யாரோ என்னைப் பத்தி என்னமோ சொல்லியிருக்காங்க.

— அதை ஏன் என்கிட்ட சொல்றே?

— சும்மா.

— சும்மான்னா?

— சும்மாதான்.

— நான் கிள்ளான் போனது மீன் வாங்க!

— ம்.

— சரி, வாங்கிட்டு வர்ற வழியில அவங்க வீட்ல ஒரு தே தாரிக் குடிச்சேன். அவ்வளவுதான்.

— ம்.

— பையன் எப்படின்னு கேட்டாங்க. வாயை மூடிக்கிட்டா இருக்க முடியும்? தங்கமான பையன், ஆனா ஆபீஸ்ல சும்மாதான் உட்கார்ந்திருக்கான், என்னிக்கு வீட்டுக்கு அனுப்புவாங்களோன்னேன்.

— ம்.

— ஐயோ, ம் ம்னே என் உயிரை எடுக்காதே லா! ஆமா, வேணும்னுதான் சொன்னேன். எதிர்வீட்ல இப்படி ஒரு பையனை வச்சுக்கிட்டு, கிள்ளான்காரிக்கு எதுக்கு விட்டுக்கொடுக்கணும்? எங்க ஷாமினிக்குப் பார்க்கலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா! இந்த பிரிக்பீல்ட்ஸ் பிளாட்ல உங்கம்மா சந்திரகலாவும் நானும் முப்பது வருஷம் ஒண்ணுமண்ணாப் பழகியிருக்கோம். தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா.

— சொல்ல மாட்டேன் ஆன்டி.

— என் மேல கோவம் இல்லையா?

— எதுக்குக் கோவம்? நானும் ஷாமினியும் ரெண்டு வருஷமா பழகறோம், அம்மாகிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரல. அவதான், "எங்கம்மா காதுல ஒரு வார்த்தை போடறேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள கிள்ளான் போய்ச் சேர்ந்துடும்"னா.