அரிசி மழையில் மாப்பிள்ளை

மலேசியாவில், கிள்ளானிலிருந்து வரும் ரயிலில் எனக்குப் பின்சீட்டில் இருவர். ஒருவர் கேமரா பையோடு இருந்த கல்யாண வீடியோக்காரர். இன்னொருவர் அவருக்கு எடிட்டிங் செய்யும் பெண். ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“மூணு தடவையும் அரிசி விழுந்ததும் மாப்பிள்ளை காணாம போயிட்டாரு, அண்ணே.”

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“என் விண்டோஸ்ல நல்லாத்தானே ஓடுச்சு?”

“அந்த ஃபைல் என் மேக்ல திறக்காதே. வேற ஃபார்மட்டுக்கு மாத்தித்தான் எடிட் பண்ணணும். மூணு மாத்திப் பார்த்தேன். தாலி வரைக்கும் ஓகே. அட்சதை போட்டாங்க, படம் கட்டம் கட்டமா உடைஞ்சிருச்சு.”

“ஐயோ, அதை மறுபடி எடுக்க முடியாதேம்மா.”

“கேளுங்க. நாலாவதா மோஷன் ஜேபெக்னு ஒரு ஃபார்மட் போட்டேன். அது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமா வச்சுக்கும். டிஸ்க் ரொம்பிப் போச்சு. ஆனா மாப்பிள்ளை முகம் கண்ணாடி மாதிரி இருக்கு. அரிசியை ஒண்ணொண்ணா எண்ணலாம் லா.”

“பொண்ணு வீட்டுல காட்டிட்டியா?”

“நேத்து காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தாங்க. மாப்பிள்ளையோட அத்தை கையில இருந்த அரிசியைப் போடவே இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. முதல் காப்பி அந்த அத்தைக்குத்தான் போகுதாம்.”