படகு நனைக்க வேண்டாம்

எங்கள் ஊரில் மழை பெய்தால்கூட அதைத் திறந்துவைக்க ஒருவர் வேண்டும், சேர். வடிகான் வெட்டினால் ஒரு நாடா வெட்டுவார்கள். வடிகானுக்கு மூடி போட்டால் இன்னொரு நாடா. அந்த மூடி உடைந்தால், உடைந்ததைப் பார்வையிட்டதற்கு ஒரு படம். நீங்கள் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் என்பதால் சொல்கிறேன்: கல்முனையில் ஒருவருடைய பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தேசகீர்த்தி, சமூகஜோதி, அல்ஹாஜ், சமாதான நீதவான் என்று பெயருக்கு முன்னால் ஓர் ஊர்வலம் போகும். அது முடியும்வரை காத்திருந்தால் கடைசியில் ஒரு மனிதர் வருவார். சில நேரம் வரவும் மாட்டார்.

நான் மீராசாஹிபு. பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை. ‘உப்புக்காத்து’ என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறேன். ஊர்ச் செய்தி போடுவேன். ஊர்ப் பெரியவர்கள் அளவுக்கு மீறி ஊதிப்போனால் கொஞ்சம் காற்று இறக்கிவிடுவேன். இதற்காக எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தப் பக்கத்துக்கு மதிப்பு வந்தது ஒரே ஒரு சொல்லால். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கடலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பகல் நேரம் யாரோ “கடல் வருகுது” என்று சத்தம் போட்டுவிட்டார். ஊரே மேற்கே ஓடியது. கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடுத்த ஊர் சவளக்கடைவரை போனவர்கள் உண்டு. ஒருவர் மனைவியை ஏற்ற மறந்து மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்ச் சேர்ந்தார்; வீட்டில் இன்றுவரை அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கடற்கரைக்குப் போனேன். கடல் தன்பாட்டில் கிடந்தது. ஒரு படம் எடுத்து, அதன் மேல் சிவப்புக் கட்டம் போட்டு, உள்ளே ‘வதந்தி’ என்று எழுதிப் பதிவிட்டேன். இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து கடலைப் பற்றி ஒரு கதை வந்தால் எங்கள் ஆட்கள் கடலைப் பார்ப்பதில்லை. போனை எடுத்து, மீராசாஹிபு சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். இருந்தாலும் பார்க்கமாட்டார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. விசாரணைக்குத் தேவைப்படும்.

இனி ஸமட் ஹாஜியார். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒருவருக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் மூட்டை படத்தில் சிறிதாகவும் அவர் பெரிதாகவும் தெரிய வேண்டும். போன மாரியில் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மக்களின் துயரத்தில் தானும் பங்கெடுப்பதாக வீடியோ விட்டார். பின்னணியில் விவரணை சொன்னது அவருடைய மகள் பஸ்னா. குரல் தழுதழுத்தது. ஊரே பார்த்துக் கண் கலங்கியது. அடுத்த நாள் அதே காட்சியை எதிர்வீட்டுக்காரர் பக்கவாட்டில் எடுத்த படம் எனக்குக் கிடைத்தது. அதில் ஹாஜியார் தண்ணீரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கோழி நடந்துபோனது. வெள்ளம் அந்தக் கோழியின் கால் அளவு. நான் கோழியை மட்டும் வட்டமிட்டுப் போட்டேன். ஊர் ஒரு வாரம் சிரித்தது. அதற்குப் பிறகு ஹாஜியார் எதைச் செய்தாலும் ஆட்கள் கோழியைத் தேடத் தொடங்கினார்கள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரிடம் இருந்த கெட்ட குணம். கொஞ்ச நாளில் ஊர்ச் சாதனையாளர்களைக் கௌரவிக்கிறேன் என்று ஒரு விழா வைத்து, என்னையும் அழைத்தார். போனேன். செய்தி சேகரிக்கத்தான். புதுச் சட்டை போட்டிருந்தது தற்செயல். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னைக் கடைசியில் கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறியபோது பொன்னாடை முடிந்துவிட்டது. உதவியாளர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஹாஜியார் சிரித்துக்கொண்டே தன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி என் தோளில் போட்டு, ஒலிவாங்கியை மூடாமலே, “நம்மட தம்பிக்கு இது காணும், போதும்” என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அது அவருடைய வேர்வையில் நனைந்திருந்தது.

இதை நீங்கள் ஊரில் யாரிடமாவது கேள்விப்படுவீர்கள் என்பதால்தான் நானே சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நடந்தது வாடைக் காற்று நேரம். கரையைக் கடல் அரித்துக்கொண்டு வருவதைக் கடலுக்குள் இருந்து வீடியோ எடுக்க வேண்டும் என்று ஹாஜியாருக்கு யோசனை. பாண்டிருப்பில் தங்கத்துரை என்பவரின் படகைப் பேசிக்கொண்டார். அந்தக் காற்றில் வேறு ஒருவரும் இறக்கவில்லை. தங்கத்துரைக்கும் விருப்பமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் பல நாள் தொழிலில்லாமல் இருந்த மனிதர். ஹாஜியார் காலையில் எனக்கும் அழைப்பெடுத்து, படகில் இடம் இருக்கிறது என்றார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன்.

லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த நேரம் போன் வந்தது.

“தம்பி மீரா, தேசகீர்த்தி அப்துல் ஸமட் கதைக்கிறன். எஞ்சின் நிண்டுட்டு. காத்து வெளியால இழுக்குது. ‘தேசகீர்த்தி நடுக்கடலில் தத்தளிப்பு’ எண்டு தலைப்பப் போட்டு, போட் இரிக்கிற ஆக்கள உடன வரச் சொல்லுங்க. வீட்டுக்கும் சொல்லிட்டன்.”

அவர் தலைப்பை இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் வேறொரு குரல் கேட்டது.

“ஹாஜியார், அந்தப் போன வெச்சிட்டுத் தண்ணிய அள்ளுங்க. தலைப்புப் பிறகு போடலாம்.”

அத்தோடு, தண்ணீர் அள்ளும் ஒரு தகரப் பேணி படகின் அடியில் உரசும் சத்தம். உரசுவது, ஊற்றுவது, உரசுவது. ஹாஜியார் நடிப்பார், அது ஊருக்குத் தெரியும். தங்கத்துரை நடிக்கமாட்டார். அந்தப் பேணியும் நடிக்காது. பல வருடங்களாகப் பொய்ச் செய்தியைப் பிரித்தெடுக்கிறவன் நான். எது உண்மை என்று என் காதுக்குத் தெரியும்.

சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். ஆறினால் நன்றாக இருக்காது.

அதற்குள் பஸ்னா எல்லா வட்சப் குழுக்களுக்கும் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். வாப்பாவின் படகு நிற்கிறது, யாராவது போங்கள் என்று அழுதாள். வெளியிலிருந்து உதவி வருவதென்றால் நேரம் எடுக்கும். கிட்ட இருந்தவை எங்கள் கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகள்தான். ஊர் அந்தக் குரலைக் கேட்டது. முன்பும் அதே குரல், அதே தழுதழுப்பு. ஆட்கள் வழக்கம்போல என் பக்கத்துக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; கீழே அப்படிக் கேட்கத் தொடங்கினார்கள்: உண்மையா காக்கா? கோழி எங்க காக்கா?

நான் ஹாஜியாரின் வெள்ளப் படத்தை எடுத்து, மேலே சிவப்புக் கட்டம் போட்டு, ‘வதந்தி’ என்று எழுதினேன். கீழே இரண்டு வரி: “நடுக்கடலில் நடப்பது படப்பிடிப்பு. யாரும் படகு நனைக்க வேண்டாம்.”

சுருக்கமாக எழுதுவதுதான் என் பாணி.

கரையில் படகுக்கார ஹிஷாமும் அவனுடைய ஆட்களும் படகைத் தண்ணீர்வரை தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஹிஷாம் நல்ல பெடியன். பதிவைப் பார்த்துவிட்டும் எனக்கு அழைப்பெடுத்தான்.

“காக்கா, சும்மா பகிடியாத்தானே போட்டீங்க? இல்லாட்டி நெசமாவே பொய்யா? நாங்க இறங்கப் போறம்.”

“அவன் வீடியோவில நீங்களும் நடிக்கிற எண்டா இறங்குங்க மகன்,” என்றேன்.

அவன் அதைப் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னான். பிறகு “நம்மளக் கோழியாக்கப் பார்த்திரிக்கான்” என்று சொல்லிச் சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். படகை மீண்டும் மேலே இழுக்கும் சத்தம் கேட்டது.

பஸ்னாவும் அவளுடைய உம்மா ஹாஜறாவும் கரைக்கு வந்து சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகையும் முடிந்திருந்தது. இது நான் நேரில் பார்த்ததல்ல. ஹிஷாம் பிறகு என் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னது. அந்தப் பிள்ளை ஒவ்வொருவர் கையாகப் பிடித்திருக்கிறாள். “வாப்பாட வீடியோ எப்ப வரும் தங்கச்சி?” என்று ஒருவன் கேட்டிருக்கிறான். ஹாஜறா உடுத்த உடுப்போடு கடலுக்குள் இறங்கி நடந்திருக்கிறார். கழுத்தளவு தண்ணீர் வந்த பிறகும் அவர் நிற்கவில்லை. அப்போதுதான் எங்கள் ஆட்கள் போனை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். ஒரு படகு அவரை ஏற்றிக் கரையில் விட்டது. மற்றப் படகுகள் வெளியே ஓடின. கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். தங்கத்துரை இரண்டு நாள் கழித்துத் தெற்கே கரை ஒதுங்கினார். ஹாஜியார் இன்னும் வரவில்லை. மையித்து இல்லாமலே காயிப் ஜனாஸா என்ற இறுதித் தொழுகை தொழுதார்கள். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன்.

தங்கத்துரையின் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம். அவர் மேல் எனக்கு ஒரு விமர்சனமும் இருந்ததில்லை. அவரைப் பற்றி ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதினேன். அடைமொழி ஒன்றுகூடப் போடவில்லை. என் பக்கத்தில் இதுவரை அதிகம் பேர் பகிர்ந்தது அதைத்தான். அவருடைய மனைவி வல்லியம்மை அதை வாசிக்கக் கேட்டு அழுதாராம்.

ஊரில் என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுவும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளிவாசல் முன்னால் கைகொடுத்து ஆறுதல் சொல்கிறார்கள். அவர் எத்தனை தரம் நடித்தார், நீங்களும் மனிசன்தானே, ஏமாந்து போனீங்க, அல்லாஹ் மன்னிப்பான் என்கிறார்கள். ஒரு இணையத்தளம், அனுபவமுள்ளவர்களும் ஏமாறுவதற்கு நான் உதாரணம் என்று எழுதியிருக்கிறது. ஹிஷாம்கூட அழுதுகொண்டே, “நம்ம ரெண்டு பேரும் ஏமாந்துட்டம் காக்கா” என்றான். அவன் ஏமாந்தான். அது சரி. என்னை எதற்குச் சேர்க்கிறான்?

உங்கள் கேள்விகளும் அப்படித்தான் இருக்கின்றன, சேர். தகவலைச் சரிபார்க்கத் தவறினீர்களா என்று கேட்கிறீர்கள். கவனக்குறைவு என்று எழுதப் பார்க்கிறீர்கள். என் வேலையைப் பற்றி இப்படி எழுதிவைத்தால் அது தப்பான செய்தியாகிவிடும். அதனால்தான் நீங்கள் போகலாம் என்று சொன்ன பிறகும் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஹிஷாமோடு பேசிய பிறகு இன்னொரு அழைப்பு வந்தது. பஸ்னா கரைக்கு வர முன்னர். காற்றுச் சத்தத்தில் குரலைப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. பேணிச் சத்தம் நின்றிருந்தது.

“மீரா, நான் ஸமட். தங்கத்துரையைக் காணல்ல. அலை அடிச்சிட்டு. நான் போட்டப் புடிச்சிட்டு இரிக்கன். ஆக்கள அனுப்பு தம்பி.”

நான் ஸமட். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தன் பெயரைத் தனியாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. “அனுப்புறன் ஹாஜியார்” என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன்.

பிறகு பதிவைத் திறந்தேன். அப்போதும் வெளிச்சம் நன்றாக இருந்தது. படகுகளும் கரையிலேயே இருந்தன. வாசித்துப் பார்த்தபோது ‘நடுக்கடலில்’ என்பதில் ‘லி’க்குப் பதிலாக ‘ளி’ விழுந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிற பக்கம். அதைத் திருத்தினேன். வேறு திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே கவனக்குறைவு என்று எழுதியதை வெட்டிவிடுங்கள். மீராசாஹிபு ஏமாறவில்லை. ஹாஜியார் நிச்சயமாகச் சாகப் போகிறார் என்ற செய்தி, இந்த ஊரிலேயே முதலில் கிடைத்தது எனக்குத்தான்.