வெறுங்காலுடன் வந்த மணப்பெண்

பேஷன் ஷோவில் எனக்கு முதலில் பிடித்தது ஏசிதான். கிணத்துக்கடவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவளுக்கு, அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று இருந்தது. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மேடம். அதனால் ஏசியிலிருந்து தொடங்குகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் தேங்காய், கொப்பரை விலை எழுதிக்கொண்டிருந்தேன். பேஷன் பக்கம் மதன்குமாருடையது. அவர் ஒரு முறை, ஷோவுக்கு வராத நடிகை வந்து கையசைத்ததாக எழுதிவிட்டார். நடிகையே போன் செய்து கேட்டார். மதன்குமாருக்கு வேலை போயிற்று. ஆசிரியர் கோவிந்தராஜுலு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மணி எழிலு, தேங்காயப் பத்தி எழுதறவளுக்குத் துணியப் பத்தி எழுத வராதா? அவிநாசி ரோட்டு ஓட்டல்ல இந்த வாரம் பூரா ஷோ நடக்குது. போய்ப் பாத்து எழுதிப்போடு. ஆனா பொய் மட்டும் வரக்கூடாது. வந்துச்சுன்னா நீயும் ஊட்டுக்குத்தான்."

"பொய் வராதுங்க சார்" என்றேன்.

முதல் நாள் எனக்குக் கிடைத்த இடம் போட்டோகிராபர்களின் முதுகுக்குப் பின்னால். அவர்களுடைய கைகளுக்கு நடுவே தெரிந்த வரைக்கும் பார்த்தேன். ஒரு பெண் ஒரு காலில் மட்டும் செருப்போடு நடந்து போனாள். முகத்தில் சிரிப்பே இல்லை. ஒற்றைச் செருப்புதான் இந்த ஆண்டின் புது நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்து, அப்படியே எழுதினேன். உண்மையில் செருப்பு வார் அறுந்து போயிருந்ததாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்த டிசைனர் போன் செய்து, "என்னோட ஐடியாவை நீங்க ஒருத்தர்தாங்க கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று நன்றி சொன்னார். அந்த வாரமே சரவணம்பட்டி காலேஜ் ஒன்றில் பிள்ளைகள் ஒற்றைச் செருப்போடு படம் எடுத்துப் போட்டார்கள்.

அதில் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன் மேடம். எழுதியதற்குத் தகுந்தபடி உலகம் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறது. கொடுக்காத இடத்தில் லேசாகத் தள்ளிவிட வேண்டும்.

கடைசி நாள் சனிக்கிழமை, கல்யாண உடைகள். வடிவமைத்தவர் இஸ்மத். ரொம்ப நல்ல பெண்மணி. அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் எங்கள் ஆபீஸில்தான் வந்தது.

"ஞாயித்துக்கிழமை இணைப்பு இன்னைக்கு மத்தியானமே அச்சுக்குப் போகோணும். முன்னாடியே எழுதிக் குடுத்துரு" என்றார் ஆசிரியர்.

"பாக்காம எப்படிங்க சார் எழுதறது?"

"கல்யாண டிரெஸ் அம்மணி. கடைசியில பொண்ணு வரும். வேற என்ன வரப்போகுது?"

உட்கார்ந்து எழுதினேன். கொப்பரை விலை எழுதும்போது வராத ஒரு சந்தோஷம் வந்தது. நகை ஒன்றும் இல்லாமல், வெறுங்காலுடன், மணப்பெண் தனியாக நடந்து வந்தாள் என்று எழுதினேன். இஸ்மத் உணர்ச்சி மேலிட்டு மேடைக்கே வரவில்லை என்று எழுதினேன். முடிவில் மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று முடித்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "நேர்ல பாத்த மாதிரியே இருக்குது அம்மணி" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

சாயங்காலம் நிம்மதியாக ஓட்டலுக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், மணப்பெண் நெற்றியிலிருந்து இடுப்பு வரை நகையோடு உட்கார்ந்திருக்கிறாள். காலில் குதிகால் உயர்ந்த தங்க நிறச் செருப்பு. தள்ளி ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி இஸ்மத், மேடையில் ஏறிப் பேச வேண்டியதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். அங்கே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள் மேடம். நான் என்ன செய்திருக்க முடியும்?

மணப்பெண்ணாக வந்தவள் சண்முகப்பிரியா. காலேஜில் படிக்கிற பிள்ளை. அவளுக்கும் இதுதான் முதல் ஷோ. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பயமா இருக்குதுங்க்கா. இந்தச் செருப்புல நடந்தா உளுந்துருவேனாட்ட இருக்குது."

"அப்பக் கழட்டிப்போடு கண்ணு. வெறுங்கால்ல போனா இன்னும் லட்சணமா இருக்கும்" என்றேன்.

"இஸ்மத்தக்கா திட்ட மாட்டாங்களா?"

"அவங்கதான் சொல்லிவிட்டாங்க. நகையும் வேண்டாமாமா."

அவளே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். நகையைத் திருடியதாக நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. அதெல்லாம் கவரிங். தொலைந்துவிடக் கூடாதே என்றுதான் என் கைப்பையில் வைத்திருந்தேன். பிறகு இஸ்மத்திடம் போய், துணி அடுக்கிய அறையில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டார்கள் என்றேன். பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். பாட்டுச் சத்தத்தில் அவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே மின்விசிறி இருந்தது. பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன். பிறகு நானே போய்த் திறந்துவிட்டபோது, யாரோ தெரியாமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டதாக நினைத்து எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

தூக்கிக்கொண்டு போவதுதான் கஷ்டமாக இருந்தது. அங்கே நின்ற காவலர்களிடம், ஷோ முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டுக்கூடப் பார்த்தேன். "ஏனுங்க, நல்லா இருக்கற புள்ளயை நாங்க எதுக்குங்க தூக்கோணும்?" என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான்.

மாடல்களுக்குச் சடை பின்னுகிற இடத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தது. வேறு யாராவது என்றால் முழுதாகக் கொட்டியிருப்பார்கள். மணப்பெண் வருவதற்கு முன் விளக்கை அணைத்த நேரத்தில், நான் மேடை முனையில், திரும்புகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடவினேன். விளக்கு வெளிச்சத்தில் அழகாகத்தான் மின்னியது. செருப்பு போட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாள். ஆனால் வெறுங்கால் என்று எழுதியாயிற்றே.

கடைசியில் அந்தக் காவலர்களே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் எலும்பு முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் வருத்தம்தான். கால் முறியும் என்று நான் எழுதவே இல்லை. அது தானாக நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டே கேட்டாள். "நடந்ததை அப்படியே எழுதிப்போட்டீங்க்கா" என்று சிரித்தாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்மத்தான் பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க எழில், இந்த இணைப்பு சனிக்கிழமை மத்தியானமே அச்சுக்குப் போயிருமாமே. எங்க ஊட்டுக்காரரு பிரஸ்லதாங்க வேலை செய்யறாரு. ஷோ நேத்து சாயங்காலந்தானுங்களே நடந்துச்சு?"

அதற்குப் பிறகு அவர் உங்களிடம் வந்தார். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. செருப்பைக் கழற்ற வைத்தது நான். கதவைச் சாத்தியது நான். எண்ணெய் தடவியதும் நான்தான். ஆனால் பொய் எழுதினேன் என்று மட்டும் தயவுசெய்து வாக்குமூலத்தில் சேர்க்காதீர்கள். கட்டுரையில் உள்ள ஒவ்வொரு வரியும் நடந்தது. அரங்கமே எழுந்து நின்றது, கைதட்டல் ஒலித்தது என்று ஒரு வரி வரும். அந்தப் பிள்ளை விழுந்ததும் எல்லோரும் பதறி எழுந்துதான் நின்றார்கள். யாரும் தட்டுவதாகத் தெரியவில்லை. அவள் அலறி அடங்கும் வரை நான் ஒருத்தி தட்டிக்கொண்டே இருந்தேன்.