டெய்லர் மொகம் இல்லாத டெய்லர்

அதத்தான் நானும் கேட்டேன் சார்! முப்பது வருஷமா இதே மிஷினு, இதே கத்திரி... எனக்கு டெய்லர் மொகம் இல்லயாம்! கொஞ்சம் நேரா நில்லுங்க. பேன்ட்ட எத்தன இஞ்ச் மடிக்கணும்? ஒண்ணரையா? சரி.

சினிமா சார்! பெரிய சினிமா இல்ல. பாட்டு கெடையாது, சண்ட கெடையாது, ஹீரோவே கெடையாது. இந்தச் சந்துல இருக்குற ஏழபாழைங்களே நடிக்கணுமாம். வாழ்க்கைய அப்பிடியே காட்டப் போறாராம் அந்த டைரக்டர் தம்பி. நானும் மொகத்த கழுவிட்டு மிஷின்ல உக்காந்தேன். "நீங்க ரொம்ப செழிப்பா இருக்கீங்கண்ணே"ங்குறார். தொப்பையப் பாத்து சார்! எதிர்ல சலூன் வெச்சிருக்கானே, ஒட்டடக்குச்சி... அவனப் பாத்ததும், "இவர்தான் டெய்லர்"ன்னுட்டார். அவனுக்கு ஊசில நூல் கோக்கத் தெரியாது! என்னய சலூன்காரனாக்கி கத்தியக் கையில குடுத்தாங்க. நெசமாவே ஒருத்தர் ஷேவிங்குக்கு வந்து உக்காந்துட்டார். கேமரா ஓடுதேன்னு நானும் எறங்கிட்டேன்... பாவம், ஒரு பக்க மீச போச்சு. அவர் கத்துறார், இவங்க "என்ன ஒரு யதார்த்தம்!"னு கைதட்டுறாங்க.

அதக்கூட விடுங்க. டெய்லர் பொண்டாட்டியா நடிச்சது யாரு? எம் பொண்டாட்டியே! அவளுக்கு மட்டும் மொகம் பொருத்தமாம். புருஷன் கடைய சாத்திட்டு வீட்டுக்கு வர்ற சீன். எங்க வீட்டுலயே எடுத்தாங்க. நான் வாசல்ல நின்னு கூட்டத்தத் தடுக்குறேன். அந்த சலூன்காரன் உள்ள போறான், என் சட்டையப் போட்டுக்கிட்டு! "நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்திருப்ப, செத்த உக்காரு"ங்குறான். அப்புறம் மெதுவா, "சாப்ட்டியா?"ங்குறான். அவ பாத்துக்கிட்டே இருந்தா சார்... கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி. கிளிசரின் டப்பாவ யாரும் தொறக்கவே இல்ல!

அன்னிலேருந்து வீட்டுல பேச்சில்ல. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது நீ கேட்டிருப்பியாய்யா?" அவ்ளோதான், அதோட சரி. தட்ட வெப்பா, போயிடுவா.

என்னாது... அந்த வசனத்த எழுதினது யாரா? அது... அது வந்து சார்... டைரக்டர் தம்பி முன்னாடியே எங்கிட்ட வந்து, "வீட்டுக்குப் போனதும் என்னண்ணே பேசுவீங்க?"ன்னு கேட்டார். போன்ல ரெக்கார்ட் வேற பண்றார். "தட்ட வை"ம்பேன்னா சொல்ல முடியும்? மரியாத போயிடாது? கவுரவமா இருக்கட்டுமேன்னு ரெண்டு வார்த்த... நாந்தான் சார் சொன்னேன்! ஒவ்வொரு எழுத்தும் நான் சொன்னது! வீட்டுல சொன்னா நம்ப மாட்டேங்குறா.

நேத்து மனசத் தேத்திக்கிட்டு அடுப்புப் பக்கம் போயி, "சாப்ட்டியா"ன்னேன். திரும்பல. கரண்டிய வாசப் பக்கம் நீட்டி, "சரியில்ல, வெளில போயி மறுபடி வா"ங்குறா. ஆறு தடவ நடந்தேன் சார், வாசலுக்கும் அடுப்புக்கும்! பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் ஜன்னல்ல. ஏழாவது தடவ கேட்டப்பத்தான் திரும்பிப் பாத்தா. "இன்னும் சாப்புடல"ன்னா.

அதுக்கு மேல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல சார். நான் சொல்லிக் குடுத்ததே அவ்ளோதான்.