சுத்திப் போக ஒரு வழி

இல்ல தம்பி, டூப்ளிகேட்டெல்லாம் இல்ல. நல்ல டிரான்சிஸ்டர்தான். இந்தாங்க, லென்ஸை வச்சுப் பாருங்க. நடுவுல கடுகளவு வெடிச்சிருக்கா? அதான் உங்க மரம் கடையிற மெஷினை அந்த ஆட்டம் ஆட வச்சது.

இது செத்துப்போனா மெஷின் நின்னுடும்னுதானே நினைச்சீங்க? இந்த ரிப்பேர் கடைக்கு வர்ற எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இது செத்தா பெரும்பாலும் கரண்டு போற வழிய அடைக்காது, திறந்து விட்டுடும். அப்புறம் சுவிட்சு பேச்சை யாரு கேக்குறா? மோட்டார் முழு வேகத்துல ஓடும், பிளக்கைப் பிடுங்கினாத்தான் உண்டு. நல்லவேளை, உங்க கை தப்பிச்சுது.

கரண்டு ஏறி இறங்குனதாலயான்னா? அதில்ல. மரம் சிக்கிக்கிச்சு, டக்குனு நிறுத்தினேன்னு சொன்னீங்கல்ல, அப்பதான். ஓடிக்கிட்டிருந்த கரண்டு நில்லுன்னா நின்னுடுமா? எங்கயாவது போயாகணும். போக இடமில்லன்னா மொத்தமா இந்தப் பொடிசு மேலதான் பாயும். அதுக்குன்னே மோட்டார் பக்கத்துல ஒரு டையோடு இருக்கும். சும்மா உக்காந்திருக்குற மாதிரிதான் தெரியும். ஆனா நிறுத்தும்போதெல்லாம் அந்தக் கரண்டு சுத்தி வந்து அடங்க வழி விடுறது அதுதான். உங்க போர்டுல சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதோட காலுல வச்ச ஈயம் விட்டுப்போயிருக்கு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல.

குடிங்க, டீ ஆறிடப்போகுது.

எங்க வீட்டுக்காரரா? நீங்க உக்காந்திருக்கீங்களே, அது அவர் நாற்காலிதான். நான் பேசுவேன், அவர் ஈயம் வைப்பார். பேச்சுல மகா கஞ்சன். நான் ஊரையே வம்புக்கு இழுத்தாலும் ஒரு ம், அவ்வளவுதான் வரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும், போங்க.

அன்னிக்கு மத்தியானம் நான் பாட்டுக்கு ஏதோ புலம்பிக்கிட்டிருக்கேன், ம் வரல. தலை மேசையில சாஞ்சிருந்துச்சு. அசந்துட்டார்போலன்னு சத்தத்தைக் கொறைச்சுக்கிட்டு, அப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்தேன். ஹார்ட்டுன்னாங்க.

அட, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? பரவால்ல, அதுலயே உக்காருங்க. இப்பல்லாம் கடைய சாத்திட்டு வீட்டுக்குப் போனாலும் வாய் நிக்கமாட்டேங்குது தம்பி. சுவத்தைப் பாத்துப் பேசுறேன்.

போர்டா? அது காலையிலயே ரெடி. இதோ, என் காலடியிலதான் துணி சுத்தி வச்சிருக்கேன். நீங்க பாட்டுக்கு ம், ம்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களா... எடுத்துக் குடுக்க மனசு வரல.