சைக்கிளைச் சுமந்துபோனவர்

குன்னம் போகும் பஸ் பெரம்பலூரில் கிளம்பக் காத்திருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்து போறாருக்கா, ஒரு மெட்ராஸ்காரரு."

"பஞ்சரா?"

"இல்லக்கா. வண்டி ஏறி மணி உதிரட்டும்னு மலையடி ரோட்டுல கொள்ளுச் செடியப் பரப்பிட்டுக் காலையிலேர்ந்து உக்காந்திருந்தேன். மழ வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. வந்தது அவரு ஒருத்தர்தான். கொள்ளப் பாத்ததும் எறங்கிட்டாரு."

"மேல ஏத்தச் சொல்றதுதான?"

"சொன்னேன். 'சாப்புடுற பொருளும்மா, எப்படி ஏத்துறது'ன்னு கும்பிட்டுட்டுப் போறாரு."

"அந்த ரோட்டுல அவருக்கு என்ன வேல?"

"ஒண்ணுமில்லையாம். வண்டியே வராத ரோடாத் தேடித்தேடி சைக்கிள் ஓட்டுறாராம்."

மூத்தவள் கேட்டாள்:

"சரி, வண்டியே வராத ரோட்டுல நீ எதுக்குடி கொள்ளப் போட்ட?"